கொடைக்கானல் விடுதிக்காரர்களுக்கு: ரீல்ஸ் இருக்கட்டும், முதலில் ரேட்டைப் போடுங்கள்

கொடைக்கானலில் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

ஏரிச் சாலைப் பக்கம் 20 அறை வைத்திருப்பவர், வட்டக்கானல் சரிவில் 4 அறைக் காட்டேஜைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், பூம்பாறையில் வீட்டு மாடியை ஹோம்ஸ்டே ஆக்கியிருப்பவர்: இந்த மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறோம். விடுதிகளின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் பக்கங்களைக் கையாள்வது எங்கள் தொழில். பெரிய ரிசார்ட்டுகளுக்கு இதற்கென்று தனி ஆள் உண்டு. உங்களிடம் இருப்பது ரிசப்ஷன் தம்பி ஒருவர்தான். சாவி கொடுப்பதும் கீசர் போடுவதும் ரீல்ஸ் எடுப்பதும் அவர் தலையில்தான்.

அந்தத் தம்பி எடுக்கும் ரீல்ஸ் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மூடுபனி, கையில் காபி டம்ளர், ஜன்னல் திரை மெல்ல விலகுகிறது, பின்னால் சினிமாப் பாட்டு. கீழே ‘விலைக்கு டிஎம் பண்ணவும்’, அதாவது தனியே செய்தி அனுப்பிக் கேளுங்கள் என்று ஒரு வரி. ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள், இரண்டாயிரம் லைக். வெள்ளிக்கிழமை ராத்திரி அறை காலி. “இன்ஸ்டாகிராம்ல போட்டா ஒண்ணும் வரல சார்” என்று நீங்களும் முடிவுகட்டி விடுகிறீர்கள்.

அந்த ரீலைப் பார்த்து ஆசைப்பட்டவர் அடுத்து என்ன செய்கிறார்? அவருக்கு ஐந்து கேள்வி. எவ்வளவு? சரியாக எந்த இடம்? கார் வாசல் வரை வருமா? வெந்நீர் எப்போது வரும்? அட்வான்ஸ் அனுப்பினால் ஏமாற மாட்டோமே? உங்கள் பக்கத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. உடனே அவர் புக்கிங் ஆப்பைத் திறந்து உங்கள் விடுதியின் பெயரைத் தேடுகிறார். அங்கே ஐந்துக்கும் பதில் இருக்கிறது. அங்கேயே பணம் கட்டிவிடுகிறார். ஆசையைக் கிளப்பியது நீங்கள், பதில் சொன்னது அவர்கள். நீங்கள் கட்டும் கமிஷன் அந்தப் பதில்களுக்கான கூலி.

அந்தக் கூலியை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 ரூபாய் அறை, 20 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 600, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 108, ஆக ஓர் இரவுக்கு 708 ரூபாய். இந்த 708-ஐ மறக்க வேண்டாம். விளம்பரச் செலவு தேறுமா என்று பார்க்கும்போது அளவுகோல் இதுதான்.

கமிஷனே வேண்டாம், ஆப்பை விட்டு விலகுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சீசன் இல்லாத செவ்வாய்க்கிழமை அறையை நிரப்ப அது தேவை. ஆனால் உங்கள் பெயரைத் தெரிந்து, உங்கள் பக்கத்தையே தேடி வந்தவரை ஆப்புக்கு அனுப்பிவைப்பது வீண் செலவு. நேரடியாகக் கேட்பவருக்குக் குறைந்த விலை சொன்னால் ஆப்போடு போட்ட ஒப்பந்தத்தை மீறியதாகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. விடுதிகள் மேல் விலைச் சமநிலை நிபந்தனை திணித்தது உட்பட பல காரணங்களுக்காக மேக்மைட்ரிப்–கோஐபிபோ என்ற புக்கிங் நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மற்ற புக்கிங் தளங்களில் விலை குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கவும் சொன்னது. உங்கள் சொந்தப் பக்கத்து விலை பற்றி உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் விலையைத் தொடாமல் வேறு ஒன்றைக் கூட்டிக் கொடுக்கலாம்: நேரடியாகப் புக் செய்தால் காலை டிபன், அல்லது டிரைவருக்குப் படுக்கை, அல்லது 10 மணிக்கே செக்-இன். இந்த மூன்றில் டிரைவர் படுக்கைக்குத்தான் மதிப்பு அதிகம். டெம்போ டிராவலர் பிடித்து வரும் குடும்பம் முதலில் கேட்பது அதைத்தான். அது எந்த ஆப்பிலும் தெளிவாக இருப்பதில்லை.

இனி வேலைக்கு வருவோம். இன்ஸ்டாகிராமுக்கு முன்னால் கூகுள். உங்கள் விடுதியின் கூகுள் பக்கம் யார் பெயரில் இருக்கிறது? முக்கால்வாசி இடங்களில் இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன மேனேஜரின் சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவரே நினைத்தாலும் கடவுச்சொல் ஞாபகம் இருக்காது. விடுதிக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். அதன் மீட்பு எண் உரிமையாளரின் கைபேசி எண்ணாக இருக்கட்டும். முதன்மை உரிமையாளர் அந்த ஜிமெயில். ஊழியருக்கும் எங்களைப் போன்ற ஏஜென்சிக்கும் ‘மேலாளர்’ அனுமதி போதும். பக்கம் வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் கூகுளில் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் கொடுப்பார்கள்; அவர் பேசாமல் இருந்தால் நீங்களே உரிமை கோரும் வழி திறக்கும். ஃபேஸ்புக் பக்கமும் விளம்பரக் கணக்கும் இதே கதைதான். ஏஜென்சியின் கணக்குக்குள் உங்கள் பக்கத்தைத் தொடங்க விடாதீர்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் ஏஜென்சியை மாற்றும் நாளில் ஐந்து வருடத்து ரிவ்யூவும் விளம்பரப் பதிவுகளும் உங்களோடு வர வேண்டும் அல்லவா? இன்ஸ்டாகிராமில் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். அந்தக் குறியீடு வரும் சிம் ரிசப்ஷன் தம்பியுடையதாக இருக்கக் கூடாது.

கூகுளில் விடுதியின் பெயர் வாசல் போர்டில் உள்ளபடியே இருக்கட்டும். பெயரோடு ‘ஹனிமூன் காட்டேஜ் ஏரிக்கு அருகில் குறைந்த விலை’ என்று வாலைச் சேர்த்தால் பக்கமே முடக்கப்படலாம், அதுவும் சீசன் நடுவில். வரைபடப் புள்ளியை கட்டடத்தின் கூரை மேல் வைக்காதீர்கள். வண்டி வந்து நிற்கும் கேட்டில் வையுங்கள். மலைச்சரிவில் கூரைக்கு நேர் கீழே வேறொரு தெரு ஓடும். கூகுள் அந்தத் தெருவுக்கு வழி காட்டும், விருந்தினர் ராத்திரி ஒன்பது மணிக்குப் பனியில் கீழ்த் தெருவில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் போடுவார். புள்ளியைத் திருத்திய பிறகு வத்தலக்குண்டு பக்கமிருந்தும் பழனி பக்கமிருந்தும் வழி கேட்டுச் சோதித்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஆபத்து போன் எண். கூகுள் பக்கத்தில் ‘திருத்தம் பரிந்துரை’ என்று ஒரு வசதி இருக்கிறது; யார் வேண்டுமானாலும் உங்கள் எண்ணை மாற்றும்படி பரிந்துரைக்கலாம். ஏமாற்றுக்காரர்கள் தங்கள் எண்ணை நுழைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு வகை, உங்கள் படங்களை எடுத்து ஒற்றை எழுத்து மாற்றிய பெயரில் பக்கம் தொடங்கி, கோடை விடுமுறை நெருங்கும்போது ‘50 சதவீதத் தள்ளுபடி’ விளம்பரம் போட்டு அட்வான்ஸ் வாங்குவது. ஏமாந்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்பது உங்கள் வாசலில். ஒற்றை நட்சத்திர ரிவ்யூ விழுவதும் உங்கள் பக்கத்தில். ஆகவே அட்வான்ஸ் வாங்கும் யு.பி.ஐ. விடுதியின் பெயரிலுள்ள கணக்காக இருக்கட்டும். பணம் அனுப்பும் முன் திரையில் விடுதியின் பெயர் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் தீரும். மைத்துனர் பெயரில் ஜிபே எண் கொடுத்தால், அசல் விடுதியும் போலி மாதிரிதான் தெரியும். ‘எங்கள் எண் இது ஒன்றுதான், எங்கள் கணக்கின் பெயர் இது’ என்று ஒரு பதிவை இன்ஸ்டாகிராமில் மேலே பின் செய்து வையுங்கள். போலிப் பக்கம் கண்ணில் பட்டால், ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுங்கள். ஏமாந்தவர் போன் செய்தால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணத்தை வங்கியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது விலை. ‘போட்டால் பக்கத்து லாட்ஜுக்காரன் பார்ப்பான், புரோக்கருக்கு மார்ஜின் போய்விடும், சீசனுக்குச் சீசன் மாறும்’ என்று நீங்கள் சொல்லும் காரணங்கள் எங்களுக்குத் தெரியும். பக்கத்து லாட்ஜுக்காரர் ஏற்கெனவே ஆப்பில் உங்கள் விலையைப் பார்த்துவிட்டார். மாறும் விலையைத் தேதி போட்டு எழுதலாம். ஏப்ரல் 15 முதல் மே 31 வரை ஒரு விலை, பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரங்களுக்கு ஒரு விலை, மற்ற நாளில் வார நாள், வார இறுதி என்று இரண்டு. நான்கே வரி. இதை ஒரே படமாக்கி, இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேலே நிலையாக நிற்கும் ஹைலைட்ஸில் முதலாவதாக வையுங்கள். அதே படத்தில் எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, எத்தனை வயது வரை குழந்தைக்கு இலவசம், ரூம் ஹீட்டர் வாடகை, கேம்ப் ஃபயர் கட்டணம், செக்-அவுட் நேரம் எல்லாம் இருக்கட்டும். ஹீட்டருக்கு 300, கேம்ப் ஃபயருக்கு 500 என்று வந்து இறங்கிய பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ப்பதுதான் இந்த ஊர் விடுதிகள் மேல் இருக்கும் பழைய புகார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிகள் இதை முறையற்ற வணிக உத்தியாகவே பட்டியலிடுகின்றன. எட்டு அறை காலியாக இருக்கும்போது ‘இன்னும் ஒரே ஒரு அறைதான்’ என்று ஸ்டோரி போடுவதும் அதே பட்டியலில் வரும்.

வரியையும் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பழைய பதிவிலும் பழைய தானியங்கிப் பதிலிலும் இன்னும் 12 என்று நின்றுகொண்டிருந்தால் மாற்றுங்கள். இந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. விளம்பரத்துக்கு நீங்கள் கட்டும் 18 சதவீதம் திரும்பி வராத செலவு என்று அர்த்தம். பின்னால் கணக்குக்கு வேண்டும்.

படம் எடுப்பதில் மூன்று விஷயம்தான் எங்கள் கவலை. போனின் 0.5 லென்ஸில், அதாவது அகலக் கோண லென்ஸில், அறையை எடுக்காதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை அதில் கல்யாண மண்டபம் போலத் தெரியும். கதவைத் திறந்ததும் விருந்தினரின் முகம் சுருங்கும், அந்த முகம்தான் மறுநாள் ரிவ்யூ எழுதும். சாதாரண லென்ஸ், மார்பு உயரம், அறையின் மூலையில் நின்று எடுத்தால் போதும். இரண்டாவது, வெளிச்சம். வெண்மையான டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் ஒன்றாக எரிந்தால் சுவர் பச்சை தட்டும், ஒன்றை அணைத்துவிடுங்கள். மூடுபனியைக் கேமரா அதிக வெளிச்சம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். திரையைத் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, கொஞ்சம் மேலே தள்ளினால் பனி பனியாகவே இருக்கும். மூன்றாவது, யாருமே போடாத படங்கள்: குளியலறை, பார்க்கிங், மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் பாதையின் சரிவு, படிக்கட்டு எத்தனை என்பது. 60 படி இறங்க வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். மூட்டு வலியுள்ள பாட்டியைக் கூட்டி வரும் குடும்பம் வராது; வராமல் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது. ‘வேலி வியூ’, அதாவது பள்ளத்தாக்கு தெரியும் அறை என்றால், வெயில் நாளில் ஒரு படம், பனி மூடிய நாளில் ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘மதியத்துக்கு மேல் பெரும்பாலும் இப்படித்தான்’ என்று போட்டுவிடுங்கள்.

ரீல்ஸுக்கும் இதே வரிசைதான். செங்குத்தாக, 9:16, 20 முதல் 25 நொடி. கார் வந்து நிற்பது, படிக்கட்டு, கதவு திறப்பது, கட்டில், குளியலறைக் குழாயில் ஆவி பறக்க வரும் வெந்நீர், ஜன்னல், கடைசியில் விலை. ஏழு காட்சி, ஒவ்வொன்றும் மூன்று நொடி. எழுத்தைத் திரையின் மேல் 14 சதவீதத்திலும் கீழ் 35 சதவீதத்திலும் வைக்காதீர்கள். அங்கே கணக்கின் பெயரும் இன்ஸ்டாகிராமின் பட்டன்களும் வந்து மறைக்கும். விலை மறைந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். பாட்டு விஷயத்தில் கவனம்: வணிகக் கணக்குக்கு சினிமாப் பாட்டுகளின் உரிமை கிடையாது. ஒலி நிறுத்தப்படும், சில நேரம் இசை நிறுவனத்திடமிருந்து நோட்டீஸும் வரும். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் இலவச ஒலித் தொகுப்பிலிருந்து எடுங்கள், அல்லது மழை ஓசையை அப்படியே விடுங்கள். அது நன்றாகவே இருக்கும்.

ஹேஷ்டேக்கை அடுக்குவதை விட்டுவிட்டு, பதிவின் முதல் வரியில் ஊரையும் விஷயத்தையும் சாதாரண வாக்கியமாக எழுதுங்கள்: ‘கொடைக்கானல் பூம்பாறையில் 6 பேர் தங்கும் ஹோம்ஸ்டே, வாசல் வரை கார் வரும்’. 2025 ஜூலை முதல் வணிகக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருகின்றன. தேடுபவர் தட்டும் சொற்கள் பதிவில் இருந்தால்தான் அகப்படும். கேரளத்திலிருந்து நிறையப் பேர் வரும் ஊர் இது. அதே வரியை மலையாளத்திலும் ஒருமுறை எழுதுவதற்கு ஏன் இத்தனை தயக்கம்?

தினமும் என்ன போடுவது என்று கேட்கிறீர்கள். காலை 8 மணிக்கு ஒரு ஸ்டோரி: இன்று பனி எப்படி, மழை உண்டா, வத்தலக்குண்டு சாலையிலும் பழனி சாலையிலும் ஏதாவது தடையா. பத்து நொடி, எடிட்டிங் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் எங்கோ ஒரு மரம் சாய்ந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றினாலே வார இறுதிப் புக்கிங் ரத்தாகும். அப்போது மக்கள் நம்புவது அன்று காலை சாலையில் நின்று எடுத்த ஸ்டோரியை. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் புல்வெளி வெள்ளையாக இருப்பதை ஏழு மணிக்குள் போட்டால் அன்று மாலையே போன் வரும். சீசனில் இ-பாஸ் தகவல், அதாவது வெளியூர் வண்டி மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதி பற்றி. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. அறை புக் செய்தும் பாஸ் எடுக்காமல் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்பவரின் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். பாஸ் எடுக்கும் முறையை ஒரே ஒரு ஹைலைட்டாக வைத்து, விதி மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள்.

போடக் கூடாதவையும் உண்டு. தெருவில் நிற்கும் காட்டெருமைக்குப் பக்கத்தில் விருந்தினர் செல்ஃபி எடுப்பதை ‘எங்கள் காட்டேஜுக்கு வந்த விஐபி’ என்று போடாதீர்கள். அதைப் பார்த்து அடுத்தவர் இன்னும் இரண்டடி நெருங்குவார். அனுமதியில்லாத காட்டுப் பாதையில் ‘இலவச ட்ரெக்கிங்’ என்று விளம்பரம் செய்வது, 2018 மார்ச் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு வந்த மலையேற்ற விதிகளுக்குப் புறம்பானது. உங்கள் பதிவே உங்களுக்கு எதிரான சாட்சி. குறிஞ்சியும் அப்படித்தான். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் வேறு வகைக் குறிஞ்சிச் செடிகள் பூக்கும்போது அதைப் படமெடுத்து ‘12 ஆண்டுக்கு ஒருமுறை’ என்று போட்டால் விவரம் தெரிந்தவர் கமென்ட்டில் வறுத்தெடுப்பார்.

பதில் சொல்லும் இடத்துக்கு வருகிறோம். புக்கிங் முடிவாவது வாட்ஸ்அப்பில். “அண்ணா ரூம் இருக்கா, எவ்ளோ வரும்?” என்று கேட்பவர் அதே நிமிடத்தில் இன்னும் நாலு இடத்தில் கேட்டிருப்பார், முதலில் முழுப் பதில் சொன்னவருக்குத்தான் அட்வான்ஸ். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் விரைவுப் பதில்கள் என்ற வசதி இருக்கிறது. சாய்கோடு போட்டு ஒரு சொல்லைத் தட்டினால் முழுச் செய்தியும் வரும். ஐந்து பதில் எழுதி வைத்தால் பெரும்பாலான விசாரணைக்குப் போதும்: விலை, வழி, அட்வான்ஸ் விவரம், ரத்து விதி, வருவதற்கு முந்தைய நாள் நினைவூட்டல். விலை கேட்டவருக்குப் போக வேண்டிய செய்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

“வணக்கம். மே 8 பகல் 12 மணி செக்-இன், மே 10 காலை 10 மணி செக்-அவுட், 2 இரவு. டபுள் ரூம் 3,200 × 2 = 6,400. எக்ஸ்ட்ரா பெட் 600 × 2 = 1,200. ஜி.எஸ்.டி. 380. மொத்தம் 7,980. இதற்கு மேல் கட்டாயக் கட்டணம் எதுவும் இல்லை. வெந்நீர் காலை 6–10, மாலை 6–9. கார் வாசல் வரை வரும், 18 படி. டிரைவருக்குப் படுக்கை உண்டு. அட்வான்ஸ் 2,500, 7 நாள் முன்பு ரத்து செய்தால் முழுதும் திரும்பும். இன்று இரவு 9 மணி வரை இந்த அறையை உங்களுக்காக வைத்திருக்கிறோம்.”

கடைசி வரி பொய்யாக இருக்கக் கூடாது. ஒன்பது மணி வரை உண்மையிலேயே வைத்திருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஹோம்ஸ்டேக்காரர் செய்தியிலிருந்து ஜி.எஸ்.டி. தொகையை எடுத்துவிட வேண்டும். பதிவில்லாமல் வரி வசூலிக்க முடியாது. உறுதி செய்த பிறகு அனுப்பும் செய்தியில் வரைபடச் சுட்டி, இ-பாஸ் சுட்டி, பிளாஸ்டிக் பாட்டில் கட்டுப்பாடு, ஸ்வெட்டர் வேண்டும் என்ற நினைவூட்டல் இருக்கட்டும். செக்-இன் நேரத்தில் “எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க” என்று சொல்லுங்கள். இதற்குக் காரணம் உண்டு: ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சேமிக்காத ஐந்நூறு பேருக்கு ஆஃப் சீசன் ஆஃபர் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய.

விளம்பரத்துக்கு வருவோம். பதிவின் கீழே இருக்கும் நீல ‘பூஸ்ட்’ பட்டனை அப்படியே அழுத்தி, பார்வையாளர்களை அதன் போக்கில் தேர்வு செய்ய விட்டால், லைக் மலிவாகக் கிடைக்கும் ஆட்களிடம் காசு போகும். அவர்களில் பலருக்கு இந்த வருடம் மலைக்கு வரும் எண்ணமே இராது. மெட்டாவின் ‘விளம்பர மேலாளர்’ (Ads Manager) பக்கத்துக்குப் போய், நோக்கம் வாட்ஸ்அப் செய்தி என்று வையுங்கள். மதுரை, திருச்சி, கோவை, சென்னை, பெங்களூரு, கொச்சி என்று ஊர்களைத் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரு நாளைக்கு 250 ரூபாய், 20 நாள், ஆக 5,000. வரி 900 சேர்த்து 5,900. இப்போது அந்த 708-ஐ எடுங்கள். 5,900-ஐ 708-ஆல் வகுத்தால் எட்டரைக்குச் சற்றுக் குறைவு. அதாவது விளம்பரத்தால் 8 அறை-இரவு விற்றாலும் கமிஷன் கட்டி விற்றதைவிடச் செலவு அதிகம், ஒன்பதாவதிலிருந்துதான் லாபம். ஓர் இரவு மட்டும் தங்குபவரைப் பிடிக்க விளம்பரம் செய்வது பெரும்பாலும் தேறாது என்று இதிலிருந்தே புரியும். ஒரே ஆளைப் பிடிக்க ஆகும் செலவு ஒன்றுதான். அவர் இரண்டு இரவு தங்கினால் மிச்சமாகும் கமிஷன் இரட்டிப்பு. எனவே விளம்பரத்தில் போடும் சலுகை ‘2 இரவு’ என்றே தொடங்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பட்ஜெட்டையும் படத்தையும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் அமைப்பு முதலிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கும், செலவு ஏறும். பள்ளித் தேர்வுகள் நடக்கும் மார்ச்சிலேயே வீட்டில் திட்டம் தொடங்கிவிடுகிறது, விளம்பரமும் அப்போது ஓட வேண்டும். மே முதல் வாரத்தில் எப்படியும் நிரம்பும் அறைக்கு விளம்பரம் எதற்கு?

இரவு 10 மணிக்கு மேல் பதில் சொல்ல ஆளில்லை என்றால் விளம்பரத்தையும் அந்த நேரத்தில் நிறுத்தி வைக்க முடியும், ஆனால் அதற்கு நாள் கணக்கை விட்டுவிட்டு, மொத்தக் காலத்துக்கும் ஒரே தொகை வைக்கும் பட்ஜெட் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்த செய்திக்கு மறுநாள் பதினோரு மணிக்குப் பதில் போட்டால், அந்த விசாரணைக்குக் கொடுத்த காசு போனதுதான்.

இன்ஃப்ளூயன்சர்கள் பற்றிச் சுருக்கமாக. இலவசமாகத் தங்க வைப்பதில் தவறில்லை, ஆனால் மே மாதச் சனிக்கிழமையில் வேண்டாம். ஃபாலோயர் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். அந்த ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று காட்டும் இன்சைட்ஸ் (புள்ளிவிவர) திரையைக் கேளுங்கள். ஒரு லட்சம் பேரில் பெரும்பகுதி வட இந்தியா என்றால் அவருக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுங்கள். எத்தனை ரீல், எத்தனை ஸ்டோரி, உங்கள் பக்கத்தோடு கூட்டுப் பதிவா, எடுத்த காட்சிகளை நீங்கள் பிறகு பயன்படுத்தலாமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். இலவசத் தங்கலும் ஆதாயம்தான். அதைப் பதிவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கேட்கின்றன. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

ரிவ்யூவைப் பொறுத்தவரை, செக்-அவுட்டில் சாவி வாங்கும்போது க்யூ.ஆர். அட்டையைக் காட்டிக் கேளுங்கள், எல்லோரிடமும் கேளுங்கள். சந்தோஷமாகப் போகிறவரிடம் மட்டும் கேட்பதும், ஐந்து நட்சத்திரத்துக்கு 200 ரூபாய் தள்ளுபடி தருவதும் கூகுள் விதிக்கு எதிரானவை. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூக்கள் கொத்தாக நீக்கப்படும்போது, பக்கத்தில் எச்சரிக்கையும் சேர்ந்து வரலாம். மோசமான ரிவ்யூவுக்குப் பதில் எழுதும்போது அந்த ஒருவரோடு சண்டை போடாதீர்கள். அதைப் படிக்கப்போவது அடுத்து வரவிருப்பவர். ‘ஞாயிறு காலை 2-ஆம் மாடியில் வெந்நீர் வரவில்லை, உண்மை. கீசரின் தெர்மோஸ்டாட் பழுது, மாற்றிவிட்டோம்’ என்று இரண்டு வரி போதும். விருந்தினர் யாரோடு வந்தார், எத்தனை பாட்டில் கிடந்தது என்பதையெல்லாம் பொதுவில் எழுதினால் வம்பு உங்களுக்கு. ஒரே புகார் மூன்று முறை வந்தால் எங்களைக் கூப்பிடாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இவை பலன் தருகின்றனவா என்று தெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ரிசப்ஷன் லெட்ஜரில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: ‘எங்கே பார்த்து வந்தார்’. கூகுள், இன்ஸ்டாகிராம், ஆப், தெரிந்தவர் சொல்லி, நேரே வந்தவர். மாதக் கடைசியில் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் செலவைப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் இதைச் செய்த பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எங்களைப் போன்றவர்கள் காட்டும் ‘ரீச்’ வரைபடங்களை நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முடியாது. இன்றைக்கு ஒன்று மட்டும். வேறொருவரின் போனை வாங்கி, உங்கள் விடுதியின் பெயரைக் கூகுளில் தேடுங்கள். திரையில் வரும் எண்ணை அழையுங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்படிக்கு,
சிறு விடுதிகளின் சமூக ஊடகப் பக்கங்களைக் கையாளும் சிலர்